கேற்றடியில் நின்ற பெடியன்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து அக்காவை வீடியோவில் அழைப்பேன். கணவர், எங்கள் அத்தார், இறந்த பிறகு அக்கா கிளிநொச்சிப் பக்கம் தனியாக இருக்கிறார். அழைப்பு எடுபட்டதும் போனை என் முகத்துக்கு நேரே பிடிக்க மாட்டேன். என் அலமாரித் தட்டில் அக்காவின் மகனின் படம் இருந்தது. அக்கா அதைப் பார்க்கும்படி எதிரே சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் கதிரையில் இருந்து பேசுவேன். வெங்காயம் என்ன விலை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, முழங்கால் நோ எப்படி, அவ்வளவுதான் பேச்சு. அவனைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். போனில் வேறு யார் கேட்கிறார்கள் என்று நமக்கென்ன தெரியும்.

எனக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. செய்தியெல்லாம் காதால் கேட்டதுதான். சண்டைக் காலத்தில் விம்பிள்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு பக்கத்து வானொலியும் கேட்பேன். ஊரைப் பிடித்துவிட்டோம், சனத்துக்கு ஒரு கீறலும் இல்லை என்று அரசாங்கத்தின் வானொலி சொல்லும். அதே ஊரிலிருந்து எதிரியை விரட்டிவிட்டோம் என்று இயக்கத்தின் வானொலி சொல்லும். என்னோடு அறையில் இருந்த மன்னார் அண்ணை ஒருவர், மீன் கழுவிக்கொண்டே கேட்பார்: "ரெண்டு பேரும் வெண்டிட்டாங்கள். அப்ப செத்தது ஆரடாப்பா?" அவர் வைக்கும் மீன் குழம்பைப் பிறகு நான் எங்கும் சாப்பிட்டதில்லை. அது வேறு கதை.

அந்த நாட்களில்தான் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லி இயக்கம் என் மருமகனை, அக்காவின் மகனை, இழுத்துக்கொண்டு போனது. அக்காவின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருந்தானாம். பிள்ளைகள் தாங்களாகவே திரண்டு வருகிறார்கள் என்று வானொலி சொல்லிப் பாட்டும் போட்டது. சண்டை முடிந்தபோது அவன் உயிரோடு அக்காவிடம் வந்து சேர்ந்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்ற பேச்சை நம்பி, அக்காவே அவனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் இராணுவத்திடம் கொடுத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு அவனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். அப்படி ஒருவன் எங்களிடம் வரவே இல்லை என்றார்கள். ஒருநாள் ஆட்கள் வீட்டுக்கு வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். அதோடு கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து வீட்டுப் படங்களையெல்லாம் அக்கா முன்னமே எரித்துவிட்டார். மிஞ்சியது எனக்கு அனுப்பியிருந்த இந்த ஒன்றுதான். புதுச் சைக்கிளோடு, முகம் பக்கவாட்டில் தெரிய நிற்கிறான். பின்னால் வீட்டின் இரும்புக் கேற். சூரியன் உதிப்பதுபோல் கம்பி வளைத்து அத்தார் சொல்லிச் செய்வித்தது. ஷெல் விழுந்து வீடு போனது, கேற் நின்றது. சண்டை முடிந்து திரும்பி வந்து அதற்குப் பின்னால்தான் அக்கா சின்னதாக வீடு கட்டினார்.

போன வருஷம் லண்டன் நடுவில், சண்டையில் செத்தவர்களின் நினைவுநாளுக்குக் கூடினோம். காணாமல் போனவர்களின் படத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள். அங்கே எங்கள் ஆட்கள் தொப்பி, மாஸ்க், மப்ளர் என்று முகத்தை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். கமராவில் பட்டால் ஊரில் இருப்பவர்களுக்குக் கரைச்சல். எட்மண்டனிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்திருந்தார். "அண்ணை, பீட்சா எங்க?" என்று ஒருவன் கேட்க எல்லோரும் சிரித்தோம். யாரோ வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் சட்டென்று படத்தைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன். என் முகம் நன்றாக மறைந்தது.

அந்த வீடியோ பேஸ்புக்கில் சுற்றியது. பிறகு ஒரு ஞாயிறு அழைத்தபோது, வெங்காயத்துக்கு முதல் அக்கா இதைச் சொன்னார்.

"ரெண்டு பேர் வந்தவங்கள். சிவில் உடுப்பு. நல்லாத் தமிழ் கதைச்சாங்கள். போனில படத்தைக் காட்டி, அம்மா, இது உங்கட கேற்தானே எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னியள் அக்கா?"

"கேற் எங்கடைதான், பெடியனை ஆரெண்டு தெரியாது எண்டன். றோட்டால போற ஆரும் நிண்டு படம் எடுக்கலாம்தானே எண்டன். உங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ எண்டாங்கள். இல்லை எண்டன்."

நான் தட்டிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவங்கள். சீனி காணாதாம், இன்னும் கேட்டாங்கள்."

அப்படி ஒருவன் இல்லை என்று அவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தார்கள். இப்போது அதைப் பெற்றவளின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள்.

"கேற்றைக் கழட்டிப்போட்டன் தம்பி. தகரம் அடிச்சிருக்கு. நீயும் அந்தப் படத்தை உள்ளுக்க வை."

படம் இப்போது உடுப்புப் பெட்டிக்குள் அடியில் கிடக்கிறது. போன ஞாயிறு பழக்கத்தில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டேன். எதிரே வெறும் தட்டு.

"உன்ர முகத்தைக் காட்டு" என்றார் அக்கா.

கையில் எடுத்துக் காட்டினேன். மருமகனுக்கு என் மூக்கு என்று அவன் பிறந்தபோதே சொன்னார்கள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். படத்தில் சைக்கிளோடு அவன் முகம் திரும்பியிருந்த அதே பக்கம்.

"அங்க வெங்காயம் என்ன விலை போகுது?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பாமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.