பிளம்பர் திறந்துவிட்ட சிந்தசைசர்

காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் இன்று காலை இரண்டு பிரச்சினைகள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. லேப்டாப்பில் ஏற்றிய சிந்தசைசர் மென்பொருளில் மூன்று நாளாகச் சத்தம் வரவில்லை.

குழாயைப் பார்க்க வந்த பிளம்பர், என் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது, இத்தினி திருகு கீது?”

“மியூசிக் போடுறது அண்ணே. எதைத் திருகினாலும் சத்தமே வரல.”

“கண்டதத் திருகாத சார். டேங்க் எது?”

ஒலி பிறக்கும் ஆசிலேட்டரைக் காட்டினேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அங்கேர்ந்து எங்க போவுது?”

“ஃபில்டருக்கு. அப்புறம் வால்யூம், ஸ்பீக்கர்.”

“அப்ப நடுவுல கீறதுதான் வால்வு. மூடிகினு கீதா பாரு.”

ஃபில்டர் முழுசாக மூடியிருந்தது. திறந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இதற்காகப் பதினோரு டுடோரியல் பார்த்தவன் நான்!

“தள்ளு சார்” என்று நாற்காலியைப் பிடித்தவர், அரைமணி நேரம் ஃபில்டரை மூடித் திறந்து வாசித்துத் தள்ளினார். பிறகு வேறொரு வீட்டிலிருந்து போன் வர, பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நல்ல சவுண்ட் இன்ஜினியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், குழாயைக் காட்ட வேண்டும்.