வயலெட் விரல்கள்

சாயப்பட்டறைச் சந்தின் சாக்கடை அந்த வாரம் வயலெட் நிறத்தில் ஓடியது. போன வாரம் கிளிப்பச்சை. அதற்கு முன்னால் பழுத்த ஆரஞ்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அடுத்த கோடைக்கு என்ன நிறத்தில் சட்டை போடப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும் முன்னால் எங்கள் சந்துக் குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். அதில்தான் கப்பல் விட்டார்கள். அதில்தான் கால் நனைத்தார்கள். கையை முக்கியெடுத்து, காயாத சுண்ணாம்புச் சுவரில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு ஓடினார்கள். லைன் வீடுகளின் சுவரெல்லாம் வயலெட் கைகள். யாரோ ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் "நில்" என்று சொல்வதுபோல, அல்லது "வா" என்று.

அந்தச் சந்து என் பொறுப்பில் இருந்தது. நான் அப்போது அரசாங்க நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற நர்ஸ் இல்லை, சைக்கிளில் வருகிற நர்ஸ். காய்ச்சல், சொறி, பிரசவத் தேதி, பஞ்சுத் தூசி ஏறிய இருமல் என்று எல்லாவற்றுக்கும் "நர்சம்மா, ஏனுங்க, ஒரு நிமிசங்க" என்ற குரலுக்கு பிரேக் போட்டவள். சாக்கடையில் கை வைக்காதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்துத் திரும்பினால் என் சேலை முந்தானையிலேயே இரண்டு சின்னக் கைகள் பதிந்திருக்கும். என்னத்தைச் சொல்ல!

தை மாதம். தேர்தலும் போலியோ சொட்டு மருந்தும் ஒரே சமயத்தில் வந்து இறங்கியிருந்தன. தொண்ணூறுகளின் பின்பாதியில் தேர்தல் எப்போது வரும், அரசு எப்போது கவிழும் என்று யாருக்கும் தெரியாது. போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி ஒட்டிச் சுவர்கள் தடித்துக்கொண்டே போயின. ஞாயிற்றுக்கிழமை பால்வாடியில் சொட்டு மருந்து கொடுத்தோம். மருந்து வாங்கிய குழந்தையின் இடதுகைச் சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும். மறுநாள் வீடு வீடாகப் போகும்போது மை இல்லாத விரலைக் கண்டுபிடித்து, விட்டுப்போன குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். மேலிடத்திலிருந்து வந்த மையின் நிறம் மட்டும் வயலெட்.

திங்கட்கிழமை காலை, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். "குச்சி ஐஸ்! குச்சி ஐஸ்!" என்று ஒரு கூட்டம் ஓடிவந்தது. எல்லாரும் கை நீட்டினார்கள். நீட்டிய கையில் சுண்டுவிரல் வயலெட். மோதிர விரலும் வயலெட். கட்டை விரலும். முழங்கை வரைக்கும். ஒருவனுக்கு மூக்கு நுனிகூட.

"மருந்து போட்டாச்சா கண்ணு?"

"போட்டாச்சு, போட்டாச்சு, போட்டாச்சு!"

வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். அவளுக்கு இரண்டு வயதில் வந்த போலியோ. வலது தொடையைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பாள். சந்திலேயே அதிகமாகச் சிரிப்பவளும் அவள்தான்.

"நர்சம்மா, நல்லாப் பாத்துப் போடுங்க. இந்தச் சந்துல நொண்டி நடக்கறதுக்கு நா ஒருத்தி போதும். போட்டிக்கு ஆளு வந்தா எனக்குப் புடிக்காதுங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சந்தின் கடைசி வீட்டைப் பார்த்தேன். அது என் நாத்தனார் வீடு. என் கணவரின் தங்கை. கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாய்ச் சுற்றி, எங்கள் டாக்டரம்மாவிடமும் நடையாய் நடந்து பெற்ற பையன். ஒன்பது மாதம். இரண்டு பல்.

அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் தீபாவளியிலிருந்து போக்குவரத்து இல்லை. காரணம் காடு கரை இல்லை, நகை இல்லை. கட்சி. என் கணவரும் அவள் கணவரும் ஒரே பசை வாளியில் கைவிட்டுப் போஸ்டர் ஒட்டியவர்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கோஷத்தைக் கத்தித் தொண்டை கட்டி, ஒரே வெந்நீரில் கொப்பளித்தவர்கள். எங்கோ தலைநகரத்தில் கட்சி இரண்டாக உடைந்தது. உடைந்த கோடு நேராகத் தெற்கே இறங்கி, எங்கள் வீட்டுச் சமையலறை வழியாகப் போனது. பையனுக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். மடி இந்தக் கட்சியில், காது அந்தக் கட்சியில். குத்தாமலே கிடந்தது.

நாத்தனார் கணவருக்குப் பிரிண்டிங் பட்டறையில் வேலை. அன்றைக்குப் பிரச்சாரத்துக்காக லீவு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பையனைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"போட்டாச்சுங்க அக்கா." பையனின் சுண்டுவிரலைப் பிடித்துக் கம்பி வழியாக நீட்டினார். வயலெட். மற்ற நான்கும் வயலெட்.

"யாரு தம்பி கூட்டிட்டு வந்தது? நேத்து நாந்தான் பால்வாடில இருந்தேன். ஒரே கூட்டம், எங்கண்ணுல படலியே."

"அவதான். அவ கூட்டிட்டுப் போனா."

"எதுக்கும் இன்னொருக்காப் போட்டுடட்டுமா? ரெண்டு தரம் போட்டா ஒண்ணும் ஆகாது."

"வேண்டாங்க. உங்க ஊட்டுக் கையால எதுவும் வேண்டாம்."

"மருந்து எங்க ஊட்டுது இல்லீங்க தம்பி. டெல்லீலிருந்து வருது."

"டெல்லீல யாரு?"

"அதுக்குத்தானே எலெக்சன் நடக்குது!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க ஜன்னலைச் சாத்தினார்.

நான் சைக்கிளை மிதித்தேன். நாத்தனார் வேலை செய்யும் பனியன் கம்பெனி இரண்டு தெரு தள்ளி. டீ நேரம். கேட்டுக்கு வெளியே வந்தாள், தலையெல்லாம் பஞ்சு, திடீரென்று ஒரே இரவில் கிழவியானவள் போல. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுற்றும் முற்றும் பார்த்து அந்த மலர்ச்சியை மடித்து வைத்துக்கொண்டாள்.

"நானில்லீங்க அண்ணி. நேத்து எனக்கு ஓவர் டைமு. ஷிப்மெண்ட்டு. பையனப் பக்கத்து ஊட்டுப் புள்ளைகளோட விட்டுட்டுப் போனேன். அவருதான் கூட்டிட்டு வந்திருப்பாரு."

"அவரு சொன்னாரா?"

"சொல்லலீங்க. பொழுதோட வந்து பாத்தேன், வெரலு வயலெட்டா இருந்துச்சு. பரவால்ல, மனுசனுக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன்."

அவரும் அதையேதான் நினைத்திருப்பார். விரலைப் பார்த்திருப்பார், பொண்டாட்டி போட்டுவிட்டாள் என்று நிம்மதியாக மைக் பிடிக்கப் போயிருப்பார். சாக்கடை இரண்டு பேரிடமும் பொய் சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததோ சிரிப்பு. நடுரோட்டில், ஐஸ் பெட்டியோடு, கம்பெனி வாட்ச்மேன் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் இன்னொன்று உறைத்தது. இந்த வீட்டில் இப்படியென்றால் சந்து முழுக்க? அங்கே எந்த விரலையும் நம்ப முடியாது. எல்லாருக்கும் மறுபடி போட வேண்டும். பெட்டியில் ஐஸ் கரைவதற்குள்.

மறுபடி போட்டால் மறுபடி அடையாளம் வேண்டுமே. மை உதவாது. முக்கு ரோட்டில் வேஸ்ட் துணி குடோன் வைத்திருந்த பாயிடம் போய் நின்றேன். கட்டிங் போக மிஞ்சிய துண்டுகள் மலை மலையாகக் கிடக்கும்.

"பாய், கொழந்தைக கையில கட்டறதுக்கு ரிப்பன் மாதிரி துணி வேணும்."

அவர் சிவப்புக் கட்டு ஒன்றை இழுத்தார். "இது வேண்டாங்க பாய், கட்சி." மஞ்சளை எடுத்தார். "அதும் கட்சி." பச்சை. "ஐயோ, அதுல ரெண்டு கட்சி இருக்குது."

பாய் இடுப்பில் கை வைத்து அந்த நிற மலையைப் பார்த்தார். "இருக்கற கலரையெல்லாம் புடிச்சிட்டாங்களே நர்சம்மா, நாங்க யாவாரம் பண்றதா வேண்டாமா?" அப்புறம் அடியிலிருந்து பனியன் கழுத்துக்கு வைக்கிற வெள்ளை ரிப் துணி ஒரு மூட்டை உருவிக் கொடுத்தார். "இந்தாங்க. வெள்ளையில இன்னும் யாரும் ஆரம்பிக்கல. சீக்கிரம் கட்டி முடிச்சுருங்க."

குழந்தைகளை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். என் குரல் முக்கு வரைக்குமே போகாது. டீக்கடை முன்னால் என் கணவரின் கட்சி ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, மாட்டுக்குக் கொம்பு முளைத்த மாதிரி. மற்ற நாட்களில் அவர் ஓவர்லாக் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். தேர்தல் வந்தால் குரல் ரிப்பேர்.

"கட்சி ஆட்டோவுல அரசாங்க விசயம் எப்படி அம்மணி சொல்றது?" என்றார். "வேட்பாளர் கேட்டா என்ன சொல்லுவேன்?"

"உங்க மருமகனுக்குப் போடலீங்க."

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. தங்கை மகனை அவர் தீபாவளியிலிருந்து தூக்கவில்லை. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் சோற்றில் கை வைக்கும்போது, யாரிடமோ கேட்பது போல, "பல்லு மொளச்சிருக்குமா?" என்பார். கிளாஸை வைத்தார். ஆட்டோவில் ஏறினார்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" நாக்கு பழக்கத்தில் ஓடியது. "உங்கள் பொன்னான... உங்கள் பொன்னான கொழந்தைகளை... வயலெட் வெரலை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்! இரண்டே சொட்டு! சிந்தாமல் சிதறாமல் அளித்திடுவீர்!" சந்தின் கதவுகள் திறந்தன. குழந்தைகள் கொட்டினார்கள். நான் ஆட்டோவுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக, வாய் திற, சொட்டு, சொட்டு, கட்டு வெள்ளை, அடுத்த வாய். எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். இருபது வருஷத்துக்கு அப்புறமும் அந்த மூச்சிரைப்பு என்னிடம் இருக்கிறது.

சந்தின் அந்த முனையிலிருந்து இன்னொரு குழாய்ச் சத்தம் வந்தது. நாத்தனார் கணவரின் கட்சி ஆட்டோ. தன் சந்தில் அடுத்த கட்சிக் குரல் கேட்டதும் கிளம்பிவிட்டார், பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டே. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சுவர். நட்டநடுவில் இரண்டு ஆட்டோக்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.

"பின்னால எடுங்க மச்சான்."

"நீ எடு மாப்ளே."

மாதக்கணக்கில் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு அது. கை நீட்டினால் தொடும் தூரம். பேசியதோ மைக்கில். ஊர் முழுக்கக் கேட்டது. பின்னால எடு, நீ எடு, நீ எடு என்று குழாய்கள் நான்கும் ஒன்றின் வாய்க்குள் ஒன்று கத்தின. சாப்பாட்டு மணி அடித்து, கம்பெனிப் பெண்கள் வீட்டுக்கு வரும் நேரம். வழியில்லாமல் இரண்டு முனையிலும் தேங்கி நின்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாத்தனார் வந்தாள். சோற்றுத் தூக்குப்போசியை ஆட்டோ சீட்டில் வைத்தாள். அண்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிப் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்க, நம்ம பையனுக்கு நீங்க மருந்து போட்டீங்களா இல்லியா?"

அவர் கையிலும் மைக் இருந்தது. அணைக்கவில்லை. "நீ போட்டீல்ல?"

குழாய்கள் நான்கும் அதையும் ஊருக்குச் சொல்லின. முதலில் பிசிறு வெட்டுகிற பெண்ணின் சிரிப்பு. பிறகு சந்தே சிரித்தது, சுவரில் இருந்த கைகளும் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.

அவர் பையனின் விரலைப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் ஆட்டோவை விட்டு இறங்கினார். என்னிடம் வரவில்லை. நேராக எதிர் ஆட்டோவுக்குப் போய், பையனை என் கணவரின் மடியில் உட்காரவைத்தார்.

"மாமன் மடியில வெச்சே போடுங்க அக்கா," என்றார். "மருந்துக்கு மட்டும்."

என் கணவர் ஒரு விரலால் மெல்லப் பையனின் கீழுதட்டை இறக்கி, இரண்டு பல்லையும் பார்த்தார். நான் மருந்துக் குப்பியை எடுக்க ஐஸ் பெட்டிக்குள் கை விட்டேன். தண்ணீருக்கு நடுவே கூழாங்கல் அளவுக்கு ஐஸ் மிச்சமிருந்தது, சில்லென்று. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பையன் சப்புக்கொட்டினான். வயலெட் விரல்களுக்கு மேலே, மணிக்கட்டில் வெள்ளையைக் கட்டினேன்.

"வெள்ளை எந்தக் கட்சிங்க அக்கா?" சந்தேகம் தீராமல் கேட்டார் அவன் அப்பன்.

"பனியன் கட்சி, தம்பி."

மடியில் இருந்தவன் அதற்குள் மறுபடி வாயைத் திறந்துகொண்டு, இன்னும் வேண்டும் என்று என் கையையே பார்த்தான். பிசிறு வெட்டுகிற பெண் தொடையை அழுத்திக்கொண்டு கிட்டே வந்து, அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

"போதுஞ்சாமி. இதுக்கு மேல போட்டா கள்ள ஓட்டு."