பேஸ்மட்டத்து மணல்

குளியலறைக் குழாய் கசிகிறதென்று கொத்தனார் தரையை உடைத்தபோது, சிமெண்டுக்கு அடியிலிருந்து கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணல் வந்தது. அதன் ஈர உப்பு மணத்தில், எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே படுத்திருந்த மணல்மேடு நினைவில் எழுந்தது. வாடைக்காற்று கொண்டுவரும் மணலை இராவணன் மீசைப் புல் பிடித்துவைக்கும், மணல் மூடமூடப் புல் மேலே தலைதூக்கி இன்னும் பிடிக்கும், அடப்பங்கொடி ஊதாப் பூக்களோடு அதன்மேல் வலையாகப் படரும்; அப்படியே அது கூரை உயரம் வளர்ந்திருந்தது. காற்றில் உருண்டோடும் புல்லின் முள்பந்துகளை நாங்கள் துரத்தித் திரிவோம்.

கடலுக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டிய அப்பா, பேஸ்மட்டம் நிரப்ப அந்த மேட்டைத்தான் டிராக்டரில் அள்ளிவந்தார். நான் குதித்துக் குதித்து மிதித்து இறுக்கினேன். வசதியுள்ள எல்லோரும் அள்ளினார்கள், மேடு தீர்ந்தது.

கொத்தனார் வெளியே குவித்த மணலை எதிர்வீட்டு ரோசம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். மேடு போனதிலிருந்து மழைக்காலம்தோறும் கடல்நீர் நுழைகிற தாழ்ந்த வீடு அவளுடையது.

"ஏளா, அந்த மணலத் தூரப் போட்டுராத. ரெண்டு சாக்கு தா, வாசல்ல அணை கட்டிக்கிடுதேன்" என்றாள்.

நான் தலை நிமிராமல் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.