மாமா கற்ற அரபு

பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அந்தக் கோடை விடுமுறைக்கு ஒரகடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாலாம் நாள் அவருடைய தலையணை உறையை மாற்றப்போன அம்மா, அடியில் ஒரு நோட்டைக் கண்டாள். பக்கம் பக்கமாக அரபு எழுத்து. நடுநடுவே மாமாவின் கையெழுத்தில் ‘ஆன்மா’, ‘அறிவு’ என்று தமிழ்.

அம்மா அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் மாமாவிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தோம். அவர் குளிக்கப் போனால் அம்மா அவருடைய போனை எடுத்துப் பார்ப்பாள்.

தினமும் மத்தியானம் முதல் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனதும் மாமா செருப்பை மாட்டுவார். “சும்மா நடந்துட்டு வரேன்கா” என்பார். அந்த வெயிலில் யாரும் சும்மா நடப்பதில்லை.

அப்பா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நேரில் கேட்காமலே தப்பைக் கண்டுபிடிப்பதில் பெருமை உள்ளவர். நாலாம் வகுப்பு முடித்திருந்த என்னைக் கூப்பிட்டார். “மாமா யார் வூட்டுக்குப் போறான்னு பார்த்துக்கினு வா. அவன் கண்ணுல பட்டுடாத.”

போனேன். பைக் மெக்கானிக் கடை மாடியில், எங்கள் மாதா கோவிலுக்கு வரும் ஒருவருக்குச் சொந்தமான அறையில், ஆம்பூரிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். கம்பெனி யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் அவர் ஒரு வரி படிக்க, மாமா அதைத் திரும்பச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது.

“மாமா அவங்க மாதிரி ஓதறாரு” என்று வந்து சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள்.

சாயங்காலம் அப்பா கேட்டபோது மாமா சிரித்தார். தான் ஒரு புனிதரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னார்.

“அந்தக் காலத்துல அந்தப் புனிதர் கிரேக்கத் தத்துவம் படிச்சதே ஒரு முஸ்லிம் எழுதின உரையை வெச்சிக்கினுதான். அரபியிலேர்ந்து லத்தீனுக்குப் போன உரை. சில இடத்துல புனிதர் அவரோட சண்டைகூடப் போடுவாரு. ஆனா பெரும்பாலும் பேரு போட மாட்டாரு, ‘உரையாசிரியர்’னு மட்டும் எழுதுவாரு. யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த அண்ணன் அரபிக் கல்லூரியில படிச்சவரு. சில வார்த்தை கேட்டுக்கறேன், அவ்ளோதான்.”

“புனிதருக்கு இன்னாத்துக்கு அவங்க உரை?” என்றார் அப்பா.

மாமா அந்தப் புனிதரின் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த மாடி அறையின் சொந்தக்காரரோடு வெகுநேரம் நின்று பேசினார். புதன்கிழமை மாடியில் பூட்டுத் தொங்கியது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ லாட்ஜுக்குப் போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார்.

மறுநாளே மாமா பையைக் கட்டினார். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது என்னிடம், “நீ இன்னா பார்த்தேன்னு சொன்னே?” என்று கேட்டார். சொன்னேன்.

“பொய் ஒண்ணும் சொல்லலியே நீ” என்று என் தலையைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

மாமா என்னைப் பாராட்டினார் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.