ஏ.பி.க்குப் பின்னால் வரும் பெயர்

டிவியில் என் குரலைக் கேட்டவர்கள் நான் விளையாட்டரங்கில் உட்கார்ந்து பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க வைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு உத்தரவு. உண்மையில் நான் உட்கார்ந்திருந்தது பினாங்கில் சூலியா தெருவில், பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில். போட்டி நடந்தது கடல் கடந்த ஒரு நாட்டில். படம் அங்கிருந்து வரும். அதைப் பார்த்து நான் தமிழில் வர்ணனை செய்ய வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், விடுமுறையில் வர்ணனையாளர். இதுதான் என் பிழைப்பு.

"இங்கே வெயில் கொளுத்துகிறது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பினாங்கில் மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில், கோலாலம்பூரிலிருந்து நிகழ்ச்சியை நடத்தும் தயாரிப்பாளர் பெண், "அண்ணே, மழ சத்தம் கேக்குதுண்ணே, மைக்க கிட்ட வச்சிப் பேசுங்க" என்றாள். மழையையும் நானே நிறுத்த வேண்டும் போலிருக்கிறது. மறுநாள் காலை ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனால், "எப்ப சார் திரும்பி வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். கையில் கீரைக்கட்டோடு நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

படமும் எங்கள் கையில் இல்லை. போட்டியை நடத்தும் நாட்டுக்காரர்கள் எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுதான் எல்லா நாட்டுக்கும் போகும். நம் பிள்ளை மூன்றாம் இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருப்பாள். அவர்கள் தங்கள் பிள்ளை ஏழாவதாக வருவதைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் கொடியாட்டும் ஒரு குழந்தையைக் காட்டுவார்கள். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நான் ஓட்டத்தை வர்ணிக்க வேண்டும். போதாததற்கு எங்கள் சேனல் வேறு கண்ட இடத்தில் விளம்பரம் போடும். எரிச்சலாக வரும்.

ஆனால் என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது பெயர் விவகாரம்தான். நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் முதலில் அவர்கள் பெயர் இருக்கும். பெண்பிள்ளை என்றால் அதற்கடுத்து ஏ.பி. என்று இரண்டு எழுத்து, இன்னாருடைய மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம். அதன் பிறகு அப்பா பெயர். பதிவுப் பாரத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் ஏ.பி.க்குப் பின்னால் இருந்ததை எடுத்து அதில் போட்டுவிட்டார். திரையில் அப்பா பெயர் பெரிய எழுத்தில் வந்தது. நம் வழக்கத்தில் அப்பாதான் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்பார். அங்கே எல்லாம் தலைகீழாகி, ஓடுகிற பெண் ஓர் எழுத்தாகிவிட்டாள்.

இந்தத் தடவை அப்படி ஓர் எழுத்தாகிப்போன பெண் எங்கள் அடுக்குமாடியில் வளர்ந்தவள். அவளுடைய அம்மா எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற அக்கா. அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். கணவர், மகள் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே வேறொரு குடும்பம் தேடிப் போய்விட்டார். காலணி வாங்கியது, பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். தகுதிச் சுற்று முடிந்த அன்று லிஃப்டுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, டிவில அந்த ஆளு பேரதான் சொல்றீங்க. பெத்தது மட்டும்தான் அவரு. என் மக பேர ஒரு தடவயாச்சும் சொல்லேன் தம்பி. ஃபைனலுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"கண்டிப்பா சொல்றேங்கா" என்றேன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

தயாரிப்பாளர் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "ஸ்கிரீன்ல ஒரு பேரு, நீங்க ஒரு பேரு சொன்னா ஆளுங்க குழம்பிருவாங்கண்ணே. என்ன எழுதியிருக்கோ அதயே படிங்க."

"தமிழ் ஆளுங்க யாரும்மா குழம்புவா? அப்பன் பேரு எது, பிள்ள பேரு எதுன்னு நமக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணே. மேல உள்ளவங்களுக்குத் தெரியணும்லா."

இரண்டு நாள் சண்டை போட்டேன். பேசப் பேச எனக்குக் குரல் ஏறியது, அவளுக்கு இறங்கியது. கடைசியில், "சரிண்ணே, கடைசி ரவுண்டுல சொல்லிக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் நல்லவள்தான். ஒரு தாளில் அக்கா மகளின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, படம் தெரியும் திரைக்குக் கீழே ஒட்டி வைத்தேன். திரையில் உள்ளதைத்தான் படிக்க வேண்டும், ஆனாலும் நடுவில் மகள் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

இறுதி ஓட்டம் மாலையில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். விதிப்படி தொடக்கத்தில் இரண்டு தடவை அப்பா பெயரைச் சொன்னேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் தயாராக மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து போட்டி நடத்தும் நாட்டுக்காரர்கள் ஈட்டி எறிதலில் வென்ற தங்கள் வீரர் கொடி போர்த்திக்கொள்வதைக் காட்டினார்கள். நான் வாய்விட்டுத் திட்டவில்லை, அவ்வளவுதான். ஓட்டம் திரும்பி வந்தபோது கடைசி வளைவு. எங்கே இருக்கிறாள் என்று கண்ணால் துழாவினேன். நான்காவதாக இருந்தாள். அப்புறம் வெளிப்பக்கமாக வந்து மூன்றாவதாக இருந்தவளைத் தொட்டுக்கொண்டு ஓடினாள். திரையின் அடியில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

அவளுடைய அப்பா பெயரைக் கத்தினேன்.

அவள் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியதும் எங்கள் சேனல் விளம்பரத்துக்குப் போய்விட்டது. சலவைத் தூள் விளம்பரம். தாள் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. "அண்ணே, பேரு?" என்று காதில் தயாரிப்பாளர் பெண் மெல்லக் கேட்டாள். விளம்பரம் முடிந்தபோது நீச்சல் குளத்தைக் காட்டினார்கள். நீச்சலுக்கு வேறு வர்ணனையாளர்.

வீட்டுக்குப் போகாமல் எங்கேயாவது சுற்றலாமா என்றுகூட யோசித்தேன். அக்காவின் கதவு திறந்திருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு, அழுத முகத்தோடு சிரித்துக்கொண்டே கோப்பி கலந்தார். மகள் போனில் பேசிவிட்டாளாம். பதக்கம் கனமாக இருக்கிறது என்றாளாம்.

"கண்ணு கொட்டாம பாத்தேன் தம்பி. அந்த ஆளு பேரு மூனு தடவ வந்துச்சி. ஸ்கிரீன்ல உள்ளத படிக்கணும்னு சொன்ன, அது சரி. என் மக பேர எப்ப சொன்ன? எனக்குக் கேக்கலியே. விளம்பரம் போட்டானுங்களே, அப்பயா?"

இத்தனை நாளாக நான் திட்டித் தீர்த்த அந்த விளம்பரம்தான் அப்போது கைகொடுத்தது.

"ஆமாக்கா" என்றேன். "அதுல போயிருச்சி."

"எனக்கு அப்பவே தெரியும்லா. இந்த டிவிக்காரனுங்க இருக்கானுங்களே, ஒரு பிள்ள பேர சொல்லவிட மாட்டானுங்க. அவனுங்களுக்கு விளம்பரம்தான் முக்கியம்" என்று திட்ட ஆரம்பித்தார். நான் சேர்ந்து தலையாட்டினேன். கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, கோப்பிக் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

"பரவால்ல தம்பி. எனக்குக் கேக்காட்டி என்ன. நீ சொன்னல்ல, அது போதும்."