மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவர்

பயிருக்கு வாடகைக்கு மருந்தடிக்கும் என் ட்ரோன் நடுங்கியது. இணையத்தில் கிடைத்த தமிழ் வழிகாட்டியைப் பார்த்து, மோட்டார் அதிர்வை வடிகட்டும் ஃபில்டரின் எண்களை எப்படி மாற்றியும் அடங்கவில்லை. இணையக் குழுவில் புலம்பினேன். மறுநாளே என் துடியலூர்த் தோட்டத்துக்கு ரப்பர் செருப்பும் நரைத்த தாடியுமாக ஒருவர் வந்துவிட்டார்.

ட்ரோன் இறங்கும்போதெல்லாம் புறங்கையால் மோட்டாரின் சூடு பார்த்து, எண்ணை மாற்றினார். நடுக்கம் நின்றது. காசு வேண்டாம் என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏனுங்க, நெட்ல இருக்கற தமிழ் வழிகாட்டியில எந்த வரி புரியலீங்க?" என்று கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

"சும்மா சொல்லுங்க."

காட்டினேன். "மோட்டார் சுட்டா நம்பர் தப்புன்னு எழுதிப்போட்டா ஆச்சுங்க" என்றேன் எரிச்சலோடு. தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். போட்டிக் கம்பெனி ஆளேதான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வாரம் வழிகாட்டியில் அந்த வரி இல்லை. அங்கே நான் சொன்னதே இருந்தது, எழுதியவர் பெயரில்லாமல்.

இப்போதும் ட்ரோன் இறங்கியதும் மோட்டாரில் புறங்கையை வைத்தபடி யோசிக்கிறேன்: இதில் அந்த ஆளுக்கு என்ன ஆதாயம்?