செல்லப்பாண்டியின் மீசையும் மூன்று மூட்டைப் பூண்டும்

வத்தலக்குண்டில் கொடைக்கானல் ரோட்டோரம் செல்லப்பாண்டியின் ஒர்க்‌ஷாப். பக்கத்துப் பஞ்சர் கடை என்னுடையது. மனுஷன் வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. "நான் கை வச்ச வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா மீசைய எடுத்துடுறேன்" என்று இருபது வருஷமாக ஊருக்கே சவால். அந்த மீசை எப்போது போகும் என்று நானும் இருபது வருஷமாகக் காத்திருந்தேன். பொறாமைதான், எனக்கு அப்படி வளரவில்லை.

மலைமேல் பூம்பாறையில் பூண்டு போடும் கண்மணி, ஓய்ந்த நேரத்தில் ஒரு பழைய காரைப் பந்தயத்துக்கு ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம், முன்சக்கரமோ கடகடவென்று ஆடுகிறது என்று செல்லப்பாண்டியிடம் காரைக் கொண்டுவந்தாள். அவர் திண்டுக்கல் காயலான் கடையில், முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம் இரண்டைப் பொறுக்கி வந்தார். டீசலில் கழுவி, துருவைச் சுரண்டி, செத்த ரப்பர் புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டார். சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் புஷ் நட்டை முறுக்க வேண்டும்; பிறகு பாரம் மாறினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். அதையும் ஒழுங்காகவே செய்தார்.

ஆனால் மலையிலிருந்து வண்டியை வெறுமனே இறக்குவது பூம்பாறைக்காரர்களுக்குப் பாவம். இடது சீட்டைக் கழற்றிய இடத்தில் மூன்று மூட்டைப் பூண்டு ஏற்றி வந்திருந்தாள். அது எங்கள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. இங்கே எல்லா வண்டியும் அப்படித்தானே வரும்!

வேலை முடிந்ததும் மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு, மலை ரோட்டின் முதல் வளைவு வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணே, இடது பக்கமா இழுக்குதுண்ணே."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"பூண்டு எங்க ஆத்தா?" என்றார் செல்லப்பாண்டி.

"மண்டியில போட்டாச்சுல்ல."

"அடிப்பாவி மகளே! அந்தப் பாரத்தோடல்ல நட்ட முறுக்கியிருக்கேன்!"

"பந்தயத்துக்குப் பூண்டோடயாண்ணே போவாக?"

செல்லப்பாண்டி நட்டையெல்லாம் தளர்த்தி, அவளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, "தும்மக்கூடச் செய்யாத" என்று அதட்டி மறுபடி முறுக்கினார். கிளம்பும்போது அவள், "மொத தடவ பூண்டு செஞ்ச சோலி. மீசை இருக்கட்டும்ணே, கணக்குல சேராது" என்றாள். "அதெப்படி? சேரும்!" என்று நான் குதித்தேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

பந்தயத்தில் பதினான்கு பேரில் ஒன்பதாவதாக வந்தாள். "நூல் புடிச்ச மாதிரி போச்சுண்ணே!" என்று போனில் கத்தினாள்.

திங்கள்கிழமை வெள்ளனே யாரோ ஒருவர் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துகொண்டிருந்தார். "யாருங்க நீங்க?" என்று கேட்டேன். திரும்பினார். மழுங்கச் சிரைத்த முகம்.

"ஏன்யா, அதான் சரியாயிருச்சே! அந்தப் புள்ளையே விட்டுருச்சே!"

"அவ விட்டுட்டா. வண்டி இழுத்தது இழுத்ததுதானே?"

விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய நாள் அது. சிரிப்பே வரவில்லை. பாவி மனுஷன், நான் கேலி செய்ய ஒரு வழி விட்டாரா? ஓடிப்போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சூடு பத்தவில்லை என்று என்னைத் திட்டினார்.